நேட்டால் போன தாத்தாவைத் தேடுகிறேன், பங்காளிகள் பத்திரத்தைக் காட்ட மாட்டேன் என்கிறார்கள்

பாலாற்றுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு வாலாஜா பக்கம் ஒரு சின்னக் கிராமம். இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி அவரவர் குடும்ப வரலாற்றைத் தேடுகிறோம். நான் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. போனதிலிருந்து தெளிவை விடக் குழப்பம்தான் அதிகம், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

என் அப்பாயி சாகும்வரை ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க தாத்தாவோட பெரியப்பா முனுசாமி, தாது வருஷப் பஞ்சத்துல கப்பலேறி நேட்டாலுக்குப் போனவரு, அப்புறம் ஒரு கடுதாசி கூட வரல." நேட்டால் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. இவ்வளவுதான், ஆளைப் பற்றி வேறு ஒன்றும் தெரியாது. அவருக்கு என்ன ஆனது, அங்கே பிள்ளை குட்டி உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

குழுவில் ஒருவர் முதலில் மென்பொருளில் வம்ச மரம் போடு என்றார். போட்டேன். அது என் அம்மாவின் அம்மாவை இரண்டு இடத்தில் காட்டுகிறது, ஏனென்றால் அவர் கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. ஏதோ தவறு இருக்கிறது என்று சிவப்புக் கோடு வேறு போடுகிறது. இன்னொருவர் உறவைக் கண்டுபிடிக்க எச்சில் கொடுத்து மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னார். மூன்றாமவர் லண்டனில் எல்லாம் இருக்கிறது என்றார். யார் சொல்வதைக் கேட்பது?

இதை விடப் பெரிய சிக்கல் எங்கள் பங்காளிகள். பழைய பத்திரம் ஏதாவது இருந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று பெரியப்பா மகனிடம் கேட்டேன். அன்றைக்கு ராத்திரியே அண்ணி அம்மாவுக்கு போன் போட்டு, "உங்க பொண்ணு எதுக்கு இப்ப பத்திரம் கேக்குது, பாகம் கேக்கப் போறாங்களா?" என்று கேட்டுவிட்டார். இப்போது வீட்டுக்குப் போனால் காபி கூடக் கொடுப்பதில்லை. எனக்கு அந்த நிலம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் தயார், நம்ப மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கும்பகோணம்_மணி:

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். சித்தப்பா ஒரு வக்கீலையே பார்த்துவிட்டு வந்தார்.

மென்பொருள் விஷயம் மட்டும் சொல்கிறேன். அந்த மென்பொருளெல்லாம் குடும்பப் பெயர் வழிவழியாக வரும், சொந்தத்தில் கல்யாணம் நடக்காது என்று நினைத்துச் செய்தவை. நமக்கு இரண்டும் பொருந்தாது. முதலில் ஒரு நோட்டு வாங்கி ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், கூப்பிடு பெயர், அப்பா பெயர், ஊர், யாரைக் கட்டினார், இந்தத் தகவலைச் சொன்னது யார், எந்தத் தேதியில் சொன்னார். கடைசி இரண்டும் ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து நீங்களே கேள்விப்பட்டதையும் நீங்களே ஊகித்ததையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வீர்கள். நான் குழப்பிக்கொண்டேன்.

எச்சில் பரிசோதனைக்கு இப்போது செலவு செய்யாதீர்கள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கிய சமூகங்களில் அது தூரத்து உறவையும் பக்கத்து உறவு மாதிரி காட்டும். எனக்கு நெருங்கிய உறவு என்று ஒருவரைக் காட்டியது, பேசிப் பார்த்தால் ஐந்து தலைமுறைக்கு எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை.

ஓய்வுபெற்ற_விஏஓ:

அம்மா, நான் முப்பது வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன், ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காக இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் இரண்டு விஷயம் தோன்றியது.

முதலாவது, உங்கள் அப்பாயி சொன்ன கணக்கு இடிக்கிறது. தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. உங்கள் தாத்தா எந்த வருஷம் பிறந்தார்? 1910, 1915 வாக்கில் என்று வைத்துக்கொண்டால் அவருடைய பெரியப்பா 1880 சுமாருக்குப் பிறந்திருப்பார். பிறக்காத ஆள் கப்பலேற முடியாது. தாது அறுபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும், அடுத்த தாது 1936, ஆனால் நேட்டாலுக்குக் கூலி ஒப்பந்தத்தில் ஆள் அனுப்புவதை 1911இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆக இரண்டில் ஒன்று. போனவர் ஒரு தலைமுறை மேலே இருப்பவர், அதாவது உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெரியப்பா. இல்லையென்றால் அவர் வேறு ஏதோ வறட்சியில் போயிருப்பார், கிழவி எல்லாப் பஞ்சத்தையும் தாது என்றே சொல்லியிருப்பார். இரண்டும் நடக்கக்கூடியதுதான். எனக்கு முதலாவதுதான் சரி என்று படுகிறது, வாய்வழிக் கதையில் ஒரு தலைமுறை நழுவிப்போவது சகஜம்.

இரண்டாவது, பத்திரத்துக்காகப் பங்காளி காலில் விழத் தேவையே இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான கிரயம், பாகப்பிரிவினை, அடமானம் எல்லாம் 1 புத்தகத்தில் நகல் எடுத்து வைக்கப்பட்டிருக்கும். பதிவுச் சட்டப்படி அந்த 1 புத்தகத்தைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சான்றிட்ட நகலும் வாங்கலாம். சொத்துக்குச் சம்பந்தமே இல்லாதவரும் வாங்கலாம். உயில்கள் இருக்கும் 3 புத்தகம் அப்படித் திறந்ததில்லை.

எல்லோரும் வில்லங்கச் சான்று என்றால் சர்வே நம்பரைக் கொடுத்துத்தான் தேடுகிறார்கள். அது சொத்துவாரி அட்டவணை, இன்டெக்ஸ் 2. அதற்கு முன்னால் இன்டெக்ஸ் 1 என்று பெயர்வாரி அட்டவணை ஒன்று இருக்கிறது, எழுதிக் கொடுத்தவர் எழுதி வாங்கியவர் இரண்டு தரப்புப் பெயரும் அதில் வரும். வம்சம் தேடுகிறவர்களுக்கு அதுதான் சுரங்கம். ஆன்லைனில் கிடைப்பது பிற்கால வருஷங்கள்தான், பழையதற்கு நேரில் மனுப் போட வேண்டும், இரண்டு மூன்று தடவை நடக்க வேண்டியிருக்கும், பொறுமையாக இருங்கள்.

தேடும்போது பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் குறிவையுங்கள். கிரயப் பத்திரத்தில் "இன்னார் குமாரர் இன்னார், விவசாயம் ஜீவனம்" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி எல்லோரும் வரிசையாக வருவார்கள், மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியன் யார் என்று வரும், செத்துப்போனவர் யார், ஊரை விட்டுப் போனவர் யார் என்பதையும் எழுதியிருப்பார்கள், ஏனென்றால் அதை எழுதாவிட்டால் பின்னால் வழக்கு வரும். நம் ஊரில் சண்டை போட்ட குடும்பத்துக்குத்தான் வரலாறு நன்றாகக் கிடைக்கும்.

சர்வே நம்பரில் ஒரு எச்சரிக்கை. இப்போது பட்டாவில் இருக்கும் நம்பர் 1980களில் நடந்த யுடிஆருக்கு, அதாவது நில ஆவணங்களைப் புதுப்பித்த திட்டத்துக்குப் பிறகு வந்ததாக இருக்கலாம், பழைய பத்திரத்தில் இருப்பது வேறு. உங்கள் ஊர் ஜமீன் கிராமமாக இருந்திருந்தால் 1948 ஒழிப்புச் சட்டத்துக்கு முந்திய பத்திரங்களில் பைமாஷ் நம்பர், அதாவது பழைய நில அளவை எண் இருக்கும். இரண்டையும் ஒட்டிப் பார்க்கத் தெரிந்தவர் உங்கள் குழுவில் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். அப்படி ஒரு ஆள், பழைய கையெழுத்தும் தமிழ் எண்களும் மாகாணி, வீசம் போன்ற பின்னக் குறிகளும் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள், இந்த இரண்டு பேர் இருந்தால் அந்தக் குழுவை விடாதீர்கள்.

பாலாற்றுக்காரி:

ஐயா, கும்பிட வேண்டும் போலிருக்கிறது. தாத்தா பிறந்தது 1915, பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி கணக்குப் போட்டால் ஒரு தலைமுறை தள்ளித்தான் வருகிறது. இவ்வளவு நாள் இதை நான் கவனிக்கவே இல்லை.

குழுவில் ஒரு பழைய பத்திர எழுத்தர் இருக்கிறார், எண்பது வயது, அதிகம் பேச மாட்டார், ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார். நான் இதுவரை அவரிடம் பேசினதே இல்லை.

ஓய்வுபெற்ற_விஏஓ:

அவரைத்தான் பிடிக்க வேண்டும். போகும்போது முழுக் கதையையும் கொண்டு போகாதீர்கள். ஒரே ஒரு காகிதம், ஒரே ஒரு கேள்வி.

டர்பன்_வாத்தியார்:

நான் டர்பனில் சில வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் கப்பல் ட்ரூரோ, மெட்ராஸிலிருந்து வந்து 1860 நவம்பர் 16 அன்று டர்பனைத் தொட்டது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் வந்தார்கள், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் வழியாக வந்தவர்கள். இடையில் 1866 முதல் 1874 வரை ஆள் எடுப்பதே நின்றுபோயிருந்தது, அதனால் உங்கள் ஆள் தாது வருஷத்தில் வந்தார் என்பது காலத்தோடு ஒத்துப்போகிறது.

வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். கலோனியல் நம்பர் என்று இங்கே இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொள்கிறார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் அடையாளம் எல்லாம் இருக்கும். அந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள், குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுத்துலி ஆவண மையத்தில் இருக்கிறது. ஆகவே முனுசாமி என்று தேடினால் வந்துவிடுமா என்றால் வராது, அல்லது நூற்றுக்கணக்கில் வரும். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார், ஒரே பெயருக்கு ஏழெட்டு எழுத்துக்கூட்டல் இருக்கும். உங்களுக்கு வேண்டியது நாலு விஷயம்: பெயர், அப்பா பெயர், கிராமம், வயது. இதில் மூன்று பொருந்தினால்தான் ஆள் அவர்தான் என்று பேசவே ஆரம்பிக்கலாம்.

ஜில்லா விஷயத்தில் எல்லோரும் ஏமாறுவார்கள். பட்டியலில் வட ஆற்காடு என்றிருந்தால் அது இன்றைய ராணிப்பேட்டையாக இருக்கலாம், வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலையாக இருக்கலாம், ஆந்திராவின் சித்தூராகவும் இருக்கலாம், ஏனென்றால் சித்தூர் தனி ஜில்லா ஆனதே 1911இல்தான். இங்கே ஒரு குடும்பம் இருபது வருஷம் வேலூரைச் சுற்றித் தேடியது, கடைசியில் பார்த்தால் ஊர் பலமனேர் பக்கம். கிராமப் பெயரை எழுத்தாகப் பார்க்காமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி என்று நமக்குப் பழக்கத்தில் தெரிகிறது, சின்னக் கிராமத்துக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொன்று. ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்தவர்களும் நிறையப் பேர். கடுதாசி வரவில்லை என்பதால் அங்கேயே இருந்தார் என்று முடிவு கட்ட வேண்டாம். மெட்ராஸில் இறங்கி ஊருக்குப் போக வெட்கப்பட்டு வேறு எங்கோ போனவர்களும் உண்டு, மறுபடியும் கப்பலேறியவர்களும் உண்டு.

இங்கே இருக்கும் பிள்ளைகளைத் தேடுவதானால் பெயர் எப்படி மாறியது என்று தெரிந்திருக்க வேண்டும். தாத்தாவின் ஒற்றைப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. முனுசாமி மூன்சாமி ஆனது, கவுண்டர் கோவெந்தர் ஆனது. இங்கே மூன்சாமி என்று சந்திக்கும் ஒருவருக்கு அது தன் முப்பாட்டனின் சொந்தப் பெயர் என்றே தெரியாது.

சாதி என்ற கட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆள் பிடிக்கும் இடத்தில் மாற்றிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள், குமாஸ்தா தோன்றியதை எழுதினதும் உண்டு. வீட்டில் சொன்னதும் பட்டியலும் ஒத்துவராவிட்டால் அதை வைத்துக் குடும்பத்தில் கலகம் மூட்டாதீர்கள். நான் ஒரு தடவை பார்த்துவிட்டேன், போதும்.

கோத்தகிரி_தேயிலை:

சகோதரி உங்களுக்குப் பட்டியலாவது இருக்கிறது. எங்கள் பாட்டன் இலங்கைத் தோட்டத்துக்குக் கங்காணி, அதாவது ஆள் சேர்க்கும் மேஸ்திரி கூட்டிப் போன ஆள், ஒப்பந்தக் காகிதம் எதுவும் கிடையாது, கங்காணியின் கடன் கணக்கில்தான் பெயர். எங்களுக்குக் கிடைத்த முதல் காகிதமே 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை. அதில் வீட்டு ஆட்கள் எல்லோரும் வயதோடு இருந்தார்கள். தாயகம் திரும்பியோர் குடும்பம் யாராவது இதைப் படித்தால் அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எங்கள் லைனில் ஒருவர் அதில் பிள்ளைக்குக் கப்பல் செய்து கொடுத்துவிட்டார்.

பாளை_ஞானம்:

லண்டனில் எல்லாம் இருக்கிறது என்றாரே ஒருவர், அதற்கு ஒரு வார்த்தை. அங்கே பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுடையதும் கலப்புக் குடும்பங்களுடையதும்தான். நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அந்தந்த சபையின் பதிவேடுதான் ஆதாரம். பாளையங்கோட்டையில் 1780இல் நாற்பது பேரோடு தொடங்குகிறது பதிவு. கிறிஸ்தவர் அல்லாத குடும்பத்துக்கு இதனால் பயன் இல்லை என்று தெரியும், ஆனால் குழுவில் வேறு யாருக்காவது உதவும்.

செட்டிநாட்டு நகரத்தார் நண்பர் ஒருவரைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். அவர்களுக்கு ஒன்பது நகரக் கோவில்கள், கல்யாணம் ஆனால் கோவிலில் புதுக் குடும்பம் ஒரு புள்ளியாகப் பதிவாகிவிடும். நாம் எல்லோரும் பத்திரத்தையும் கிழவிகளையும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

திண்டிவனம்_அத்தை:

பத்திரம் கித்திரம் எல்லாம் சரிதான் கண்ணு. நீ பங்காளி வீட்டுக்குப் போய் முதல் கேள்வியே பத்திரம் என்று கேட்டால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? குலதெய்வத்தைக் கேட்டுப் போயிருக்க வேண்டும். "ஆடியில பொங்கல் வைக்கணும், நம்ம கோவிலுக்கு யார் யாருக்கு வரி, எத்தனை தலைக்கட்டு?" என்று கேட்டுப் பார். தலைக்கட்டு வரி நோட்டை எடுத்துக்கொண்டு வந்து காட்டுவார்கள். எங்கள் கோவில் நோட்டில் நாற்பது வருஷத்துப் பங்காளி பட்டியல் இருக்கிறது, எந்த வீடு எந்த வீட்டிலிருந்து பிரிந்தது என்று பூசாரி மனப்பாடமாகச் சொல்வார்.

அப்புறம் அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? கொடுக்கிற ஆளுக்கு மூன்று தலைமுறைப் பெயர் தெரிந்திருக்கும். பெயரும் சுற்றி வரும், பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்போம் இல்லையா. உன் அப்பா பெயர் என்னவோ அது அவருடைய தாத்தா பெயராக இருக்கும், அந்தத் தாத்தாவுக்கு அவருடைய தாத்தா பெயர். அப்படியே ஒன்று விட்டு ஒன்று ஏறிக்கொண்டே போ.

பாலாற்றுக்காரி:

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், நாலு மாதம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

அத்தை சொன்னபடி ஆடி மூன்றாம் வெள்ளிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு குலதெய்வக் கோவிலுக்குப் போனேன். பத்திரம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. வரி நோட்டில் இருபத்தேழு தலைக்கட்டு. அதில் எங்கள் வகையறாவுக்கு "மாணிக்கம் வீடு" என்று பெயர். என் அப்பா பெயரும் மாணிக்கம்தான், ஆனால் அந்த நோட்டு அப்பாவைச் சொல்லவில்லை, மேலே இருக்கும் யாரோ ஒரு மாணிக்கத்தைச் சொல்கிறது.

அந்த ஒரு பெயரை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு குழுவில் அந்த எழுத்தர் ஐயாவிடம் போனேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, எந்த சப்ரிஜிஸ்திரார் ஆபீஸ் என்று கேட்டார், அப்புறம் என்னோடு மூன்று தடவை அலுவலகத்துக்கு வந்தார். முதல் தடவை தொகுதி கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை மின்சாரம் இல்லை. மூன்றாவது தடவை இன்டெக்ஸ் 1இல் கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்தது, எடுத்துப் பார்த்தால் விஏஓ ஐயா சொன்ன அதே பாகப்பிரிவினை. சௌமிய வருஷம் கார்த்திகை மாதம், அதாவது 1909. அண்ணன் தம்பி மூன்று பேர் பிரித்துக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு வரி, எழுத்தர் ஐயா விரலை வைத்துப் படித்துக் காட்டினார்: "நமது பெரிய தகப்பனார் ஏகாம்பரம் அக்கரைச் சீமைக்குப் போய் இதுநாள் பரியந்தம் சமாசாரம் இல்லாதபடியால்". படித்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவர் பெயர் முனுசாமியே இல்லை. இவ்வளவு நாள் தவறான பெயரில் தேடியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற_விஏஓ:

ரொம்ப சந்தோஷம் அம்மா. ஆனால் முனுசாமியை அதற்குள் தள்ளிவிடாதீர்கள். கூப்பிடு பெயர் முனுசாமி, பத்திரப் பெயர் ஏகாம்பரம் என்று இருக்கலாம். கப்பல் ஏறும்போது எதைச் சொன்னார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

டர்பன்_வாத்தியார்:

இரண்டு பெயரிலும் பார்த்தேன். அத்தை சொன்ன பெயர்க் கணக்குப்படி அப்பா பெயர் மாணிக்கமாக இருக்கலாம் என்று வைத்து வடிகட்டியதில் முனுசாமியில் யாரும் தேறவில்லை. ஏகாம்பரம் என்று படிக்கக்கூடிய ஒருவர் 1870களின் பிற்பகுதியில் வந்த கப்பலில் இருக்கிறார், வயது 22, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா வாலாஜா. கிராமப் பெயர் எழுத்து கலைந்திருக்கிறது, முதல் எழுத்து உங்கள் ஊரோடு ஒத்துப்போகிறது, கடைசி ஒத்துப்போகவில்லை. இடது முழங்காலில் தழும்பு என்று எழுதியிருக்கிறது. அவர்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த விடுமுறையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக்காப்பகத்தில் இந்த எண்ணுக்குக் கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன், கல்யாணமோ சாவோ பதிவாகியிருந்தால் அங்கே தெரியலாம்.

பாலாற்றுக்காரி:

வாத்தியார் ஐயா, எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. உங்கள் பதிவை அப்படியே எங்கள் வகையறா வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் கும்பிடும் படம் போட்டார்கள். அரை மணி நேரம் கழித்து அண்ணி தனியாக போன் செய்தார், இத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக. நலம் விசாரித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அந்த ஏகாம்பரத்துக்குப் பிள்ளைங்க இருந்து, அவங்க இங்க வந்து பாகம் கேட்டா குடுக்கணுமா?"